வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல்

மாதத்தின் முதல் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு கடையில் யார் வந்து நின்றாலும் நான் கல்லாவை விட்டு எழுந்துவிடுவேன். சமையலறைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கும் ஃப்ரீசருக்கும் நடுவில், ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொள்வேன். அந்தப் பக்கம் அமெரிக்காவின் நாலு மூலையிலிருந்தும் இருபது இருபத்தைந்து பேர் இருப்பார்கள். கேஸ் கம்பெனிக்காரர்கள், கேஸ் விற்கிறவர்கள், சாஃப்ட்வேர் ஆட்கள், வக்கீல்கள். ஒவ்வொருவரும் பெயரையும் கம்பெனியையும் சொல்ல வேண்டும். என் முறை வந்ததும், "கிட்டுசாமி, தனம் மெஸ், எடிசன், நியூ ஜெர்சி" என்பேன். முதல் தடவை சொன்னபோது யாரோ சிரித்தார்கள். சிரித்தது யார் என்று அங்கேயே கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் மனைவி தனபாக்கியம் அதைப் பற்றி வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஆனால் ஒன்று, அந்தக் கோபம் இல்லாவிட்டால் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இட்லி விற்கிற ஒருத்தன் எரிசக்தித் தரக் கழகத்தின் செயற்குழுவில் போய் உட்கார்ந்திருக்க முடியாது.

கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது சர்க்கார் இல்லை. தொழிலில் இருக்கிறவர்களே சேர்ந்து நடத்துவது. கேஸையும் கரண்டையும் எப்படி விற்க வேண்டும், எப்படி இணைக்க வேண்டும், எப்போது துண்டிக்கலாம் என்று விதிப் புத்தகம் போடுவார்கள். இஷ்டப்பட்ட கம்பெனிகள் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டால் அதன்படி நடந்தாக வேண்டும். எங்கள் ஊர் கேஸ் கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கும் கடைக்கும் விற்கிற சில்லறைப் பக்கத்தில் இரண்டு பிரிவுகள், கேஸுக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிச் செயற்குழு, தனித்தனிப் புத்தகம். அந்தச் செயற்குழுவில் நாற்காலி உள்ளவர்தான் பேசலாம், ஓட்டுப் போடலாம். மற்றவர்கள் போனில் கேட்டுக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். கேஸ் பிரிவில் வாங்குகிறவர்களுக்கு என்று ஒதுக்கிய நாற்காலி பல வருஷமாகக் காலியாகக் கிடந்தது. அதில்தான் நான் போய் உட்கார்ந்தேன்.

எப்படி உட்கார்ந்தேன் என்றால், 2004 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு ஒரு ஆள் வேனில் வந்து இறங்கி, என் கடைக்குப் பின்னால் இருந்த கேஸ் மீட்டரை மூடிப் பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டான். பக்கத்தில் முடிவெட்டும் கடையைக் காலி செய்துகொண்டு போனார்கள். அவர்கள் இணைப்பை முடிக்கச் சொல்லி வந்த காகிதத்தில் யாரோ ஒரு எண்ணை மாற்றித் தட்டிவிட்டார்கள். நான் பின்கதவைத் திறந்து ஓடுவதற்குள் வேன் திரும்பிவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால் நாலு மணிக்கே ஆபீஸ் மூடியாயிற்று. அவசர எண்ணில் ஒரு பெண், "கேஸ் கசிகிறதா?" என்று கேட்டாள். "கசியவில்லை, கேஸே இல்லை" என்றேன். "கசியவில்லை என்றால் திங்கட்கிழமை கூப்பிடுங்கள்" என்றாள்.

கடைக்கு மேல் மாடியில்தான் எங்கள் வீடு. சூடும் வெந்நீரும் அதே கேஸில்தான். வெளியே ஆறேழு டிகிரி ஃபாரன்ஹீட், வாயைத் திறந்தால் பல் கூசுகிற குளிர். பதினாலு வயது யாமினி கோட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. ஆட்டிய மாவு அத்தனையும் குளிரில் பொங்காமலே போயிற்று, தேங்காய் வீணாயிற்று, ஒரு சீமந்தத்துக்கு ஒத்துக்கொண்ட சாப்பாட்டைக் கடைசி நேரத்தில் முடியாது என்று சொல்லித் திட்டு வாங்கினேன். அதெல்லாம் போகட்டும். என் மகள் என்னைப் பார்த்து, "அப்பா, டு சம்திங்" என்றாள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தக் கோபத்தில் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கி, கடைசியில் ஒருவர் சொல்லித்தான் இந்தக் கழகமும் காலி நாற்காலியும் தெரியவந்தது. பதினாலு மாதம் கத்தினேன். 2005-இல் கேஸ் புத்தகத்தில் ஏழாம் பகுதி, நான்காம் விதியாக ஒரே ஒரு வரி சேர்ந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேலும், விடுமுறைக்கு முந்தின நாளும், எந்த இணைப்பையும் துண்டிக்கக் கூடாது. அவ்வளவுதான். அமெரிக்காவுக்கு வந்து நான் உருப்படியாகச் செய்த காரியம் எதுவென்று கேட்டால் மெஸ்ஸைச் சொல்ல மாட்டேன், அந்த வரியைத்தான் சொல்வேன்.

தாஜ் நிஷாவை எனக்கு அந்தக் காலத்திலிருந்தே தெரியும். கழகத்தின் டல்லாஸ் ஆபீஸில் வேலை, குடியிருப்பது பக்கத்து ஊரான காப்பெலில். எல்லாக் கூட்டத்துக்கும் மினிட்ஸ் எழுதுவது அவள்தான். ஒருமுறை விவாதம் கழுத்தறுப்பாகப் போய்க்கொண்டிருந்தபோது, நான் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், "இவனுக எவனாச்சும் ஒருநாளாவது அடுப்புப் பத்தவச்சிருப்பானுகளா?" என்று தமிழில் சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்த ஐந்தாவது நிமிஷம் போன் வந்தது.

"அங்கிள், நான் தாஜ் நிஷா பேசறேன். நீங்க லாஸ்ட்டா சொன்னதை மினிட்ஸ்ல போடணுமா, வேணாமா?"

அன்றிலிருந்து அவளுக்கு நான் அங்கிள். ஆனால் நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. ஊழியர்கள் எந்தப் பக்கமும் சாயக் கூடாது, உறுப்பினருக்கு யோசனை சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். நான் என்ன கேட்டாலும், "அதை நான் சொல்லக் கூடாது அங்கிள்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2008 தொடக்கத்தில் இரண்டு பிரிவையும் ஒன்றாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. காரணம் நியாயமானதுதான். கேஸ் பக்கம் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒரே கம்பெனி இரண்டையும் விற்கிறது, ஒரே ஆள் இரண்டு கூட்டத்துக்கும் வந்து ஒரே கொட்டாவியை இரண்டு முறை விடுகிறான். ஒரு பிரிவு, ஒரு புத்தகம் போதும் என்றார்கள். நானும் தலையாட்டினேன். என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டது அதற்கப்புறம், ஜூன் மாதக் கூட்டத்தில்.

அந்த மாதம்தான் கடைக்கு இரண்டு லைன் வருகிற புது போன் வாங்கியிருந்தோம். அதில் ஒரு லைனை ஹோல்டில் போட்டால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு நாதஸ்வரம் கேட்கும். காத்திருக்கிற வாடிக்கையாளருக்கு மங்களகரமாக இருக்கட்டும் என்று தனம்தான் அப்படி வைக்கச் சொன்னாள். கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது இன்னொரு லைனில் பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயிலிருந்து ஒரு அம்மாள் வளைகாப்புச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். நூற்றைம்பது பேர். நான் கழகத்தை ஹோல்டில் போட்டுவிட்டு, எலுமிச்சை சாதமா புளி சாதமா என்று பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கூட்டம் முடிந்து எல்லோரும் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள்.

தாஜ் நிஷா கூப்பிட்டாள். குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"அங்கிள், ஹோல்டுல போட்டுட்டீங்க. ஃபுல் கான்ஃபரன்ஸ் காலுக்கும் நாதஸ்வரம், தவில் எல்லாம் கேட்டுச்சு. பதினோரு நிமிஷம்."

"அட கருமமே! கூட்டத்தை நிறுத்திட்டாங்களா?"

"இல்ல அங்கிள். அதுக்கு மேல கத்திக் கத்திப் பேசி நடத்திட்டாங்க. நீங்க லைன்ல இல்லன்னு தலைவர்கிட்ட சொன்னேன். மியூசிக் கேக்குதே, அப்ப ஆள் இருக்காருன்னுதானே அர்த்தம்னுட்டாங்க."

கழகத்தின் வழக்கம் அது. சின்ன விஷயங்களுக்கு ஓட்டெடுக்க மாட்டார்கள். தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோரும் சம்மதித்ததாகக் கணக்கு. அன்றைக்குத் தலைவர் கேட்டபோது என் பக்கத்திலிருந்து நாதஸ்வரம் கேட்டது. அது ஆட்சேபம் இல்லை என்று முடிவாயிற்று.

எதற்கு ஆட்சேபம் இல்லை என்பது ஆகஸ்டில் புதுப் புத்தகத்தின் வரைவு வந்தபோதுதான் தெரிந்தது. இரண்டு புத்தகத்திலும் பொதுவாக இருக்கிற விதிகள் மட்டும் உள்ளே இருக்கும், ஒன்றில் மட்டும் இருக்கிறவை பின்னிணைப்புக்குப் போகும் என்று அன்று முடிவு செய்திருந்தார்கள். பின்னிணைப்பை எந்தக் கம்பெனியும் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நூற்றுப் பதினேழு பக்கம். யாமினி அப்போது காலேஜ் லீவில் வீட்டில் இருந்தாள். லேப்டாப்பில் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, யுவர் ஃப்ரைடே இஸ் கான்."

"நல்லாப் பாரு, கண்ணு."

"ஐ டிட். இட்ஸ் இன் தி பேக். வித் தி ஸ்டஃப் நோபடி ரீட்ஸ்."

கரண்ட் புத்தகத்தில் வெள்ளிக்கிழமை விதி கிடையாது. அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. உடனே தாஜ் நிஷாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் மேல் தப்பில்லை என்று தெரிந்தேதான் கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"என்ன பண்றதுன்னாவது சொல்லும்மா. உன்ற வாயில முத்தா இருக்குது?"

"அதை நான் சொல்லக் கூடாது அங்கிள்."

"தெரியும் போ. அந்தப் பாட்டைத்தான் பாடுவே."

"ஆனா கழகத்தோட ரூல் புக் எல்லாருக்கும் பொது. அதுல முப்பத்தோராம் பக்கம்னு ஒண்ணு இருக்கு. எந்த மெம்பரையும் ரூல் புக் படிங்கன்னு நான் சொல்லலாம்."

போனை வைத்துவிட்டாள். முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது இதுதான். பின்னிணைப்பில் உள்ள ஒரு விதியை உள்ளே கொண்டுவர, நாற்காலி உள்ள யாரும் நேரடிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம். போனில் கூடாது. அதை இன்னொரு பிரிவைச் சேர்ந்த ஒருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் ஓட்டுக்கே போகாது. அடுத்த நேரடிக் கூட்டம் அக்டோபரில், டல்லாஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில். இணைப்புக்கான ஓட்டும் அன்றைக்கேதான். என் ஒருவன் ஓட்டால் இணைப்பைத் தடுக்க முடியாது. வழிமொழிய ஒரு கரண்டுக்காரன் கிடைக்காவிட்டால் ஏழாம் பகுதி, நான்காம் விதி அன்றோடு செத்தது.

கடையை நாலு நாள் விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்று தனத்திடம் இழுத்தேன்.

"அந்தக் குளுருல கெடந்தது நீங்க ஒருத்தரு மட்டுமில்லீங்க. நானுந்தான் கெடந்தேன், எம்புள்ளையுந்தான் கெடந்துச்சு. கடைய நாம் பாத்துக்கறேன், போயிட்டு வாங்க" என்றாள்.

டல்லாஸில் இறங்கிய புதன்கிழமை மாலையே எல்லோருக்கும் ஒரு சிறு விருந்து. கையில் கிளாஸோடு நின்று பேசுகிற விருந்து. தாஜ் நிஷாவை அங்கேதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். முக்காடு போட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, ஒல்லியாக ஒரு பெண். இவளையா அப்படிக் கத்தினோம் என்று வெட்கமாகப் போய்விட்டது. சலாம் சொன்னாள், சாப்பிட்டீங்களா அங்கிள் என்று கேட்டாள், அதற்கு மேல் என் பக்கமே நிற்கவில்லை. உறுப்பினரோடு ரொம்ப நேரம் நின்று பேசினாலும் அவளுக்குத் தப்பு.

கரண்டுப் பிரிவில் நான் குறி வைத்திருந்தது நஞ்சுண்டனை. கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் ஒரு பெரிய கரண்ட் கம்பெனியில் அதிகாரி. அவர் ஒன்று சொன்னால் அந்தப் பிரிவில் பத்துப் பேர் ஆமாம் போடுவார்கள். சத்தியமங்கலத்துக்காரர் என்று கேள்வி. ஆனால் என்னிடம் இங்கிலீஷில்தான் பேசினார். நான் விஷயத்தைச் சொன்னதும் மரியாதையாகச் சிரித்தார். "மிஸ்டர் கிட்டுசாமி, எங்கள் புது மீட்டர்களில் தவறாகத் துண்டித்துவிட்டால் ஆபீஸில் உட்கார்ந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். நாற்பது நிமிஷம். வெள்ளியாவது, ஞாயிறாவது? இல்லாத ஒரு பிரச்சினைக்கு ஏன் விதி?" என்றார்.

"கேஸுக்கும் அப்படியே பொத்தான் வைக்க வேண்டியதுதானே?" என்று பக்கத்திலிருந்த ஒருவர் வேறு கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கோபப்பட்டால் காரியம் கெடும். தமிழில் கேட்டேன்.

"சார், உங்க வூட்டுல அடுப்பு கேஸுங்களா, கரண்டுங்களா?"

"கரண்டுதான். எல்லாமே கரண்டு," என்றார், அவரும் தமிழில்.

"அப்படீன்னா நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஒரு பத்து நிமிசம் எனக்குக் குடுங்க. இந்த ஓட்டல் சமையக்கட்டுக்குப் போலாம்."

அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். ஹோட்டலின் சமையற்காரர் ஒரு மெக்சிகோக்காரர். நானும் சமையலறை ஆள்தான், இந்தச் சாருக்கு உங்கள் அடுப்பைக் காட்ட வேண்டும் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்பு இருக்கிறது. ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார்.

எட்டு பர்னர் அடுப்பு. அதில் பயன்படுத்தாமல் இருந்த ஒரு ஓரத்து பர்னரின் கம்பித் தட்டை அவர் தூக்கினார். கீழே எப்போதும் எரிந்துகொண்டிருக்கிற சின்னச் சுடர், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. ஊதி அணைத்தார். ஐந்தாறு வினாடியில் அந்தக் கேஸ் நாற்றம் வந்தது. நஞ்சுண்டன் இரண்டடி பின்னால் போனார். சமையற்காரர் சிரித்துக்கொண்டே நீள லைட்டரால் மறுபடி பற்றவைத்தார்.

"இது ஒண்ணுங்க," என்றேன். "இந்த அடுப்புல எட்டு. ஓவன்ல ரெண்டு. வெந்நிப் பாய்லர்ல ஒண்ணு. மீட்டர மூடுனா அத்தனையும் அணைஞ்சு போகும். அப்புறம் எங்கியோ ஆபீஸ்ல உக்காந்துட்டுப் பொத்தானை அமுத்தி கேஸைத் தொறந்துட்டா என்னாகும்? அத்தனை ஓட்டைலயும் கேஸு வந்துட்டே இருக்கும், எரியறதுக்கு நெருப்பு இருக்காது. எவனாச்சும் வந்து லைட்டுப் போட்டான்னா, வூடே போயிரும். அதனால கேஸத் தொறக்கோணும்னா ஒரு ஆளு வந்தாகோணும். உள்ள வந்து, கசியுதான்னு பாத்து, கையில நெருப்ப வச்சுட்டு ஒவ்வொண்ணாக் குனிஞ்சு பத்தவெக்கோணும். அந்த ஆளு சனி, ஞாயிறு வரமாட்டானுங்க."

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜனவரியில் எங்களுக்கு நடந்ததையும், யாமினி என்னிடம் கேட்டதையும் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

"இருபத்திரண்டு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். இது எனக்குத் தெரியாதுங்ணா," என்றார். முதல் தடவையாக அண்ணா என்றது அப்போதுதான்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் நின்றார்.

"நான் வழிமொழியறேன். ஆனா எங்காளுங்க சும்மா ஓட்டுப் போட மாட்டாங்கங்ணா. சேந்ததுக்கப்புறம் வாங்கறவங்களுக்கு ரெண்டே நாற்காலி. எங்க பக்கம் ஏற்கெனவே ரெண்டு பேரு இருக்காங்க. நீங்க ஒருத்தரு. அதுல யாரு போறதுன்னுதான் மூணு மாசமாச் சண்டை. நீங்க வுட்டுக் குடுத்தா, அவங்க ரெண்டு பேரும் உங்க விதிக்குக் கை தூக்குவாங்க. அவங்க தூக்குனா மத்தவங்களும் தூக்குவாங்க."

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை மறைக்க விரும்பவில்லை. அந்த நாற்காலி எனக்கு ரொம்பப் பெரிசு. கூட்ட அறையில் மேசையைச் சுற்றி ஒவ்வொருவருக்கும் பெயர் அட்டை வைத்திருப்பார்கள். ஆயிரக்கணக்கான பேரை வேலைக்கு வைத்திருக்கிற கம்பெனியின் வைஸ் பிரசிடெண்டுக்கும் அதே அளவு அட்டைதான், தனம் மெஸ்ஸுக்கும் அதே அளவு அட்டைதான். ஊரில் பாலிடெக்னிக்கோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அது என்ன என்று நஞ்சுண்டனுக்குப் புரியாது. இதைக் கேட்பதற்குத்தான் அண்ணா போட்டாயா என்று வாய்வரைக்கும் வந்தது.

"எழுதித் தரோணுமா, சொன்னாப் போதுமா?" என்று கேட்டேன்.

"சொன்னாப் போதுங்ணா."

"அப்படீன்னா சொல்லிட்டேன்."

ஒன்பது மணிக்குக் கூட்டம். என் தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தேன். என் இங்கிலீஷ் அவ்வளவுதான், ஆனால் நாலு வருஷமாக மனப்பாடமான வரி அது. வழிமொழிய யார் என்று தலைவர் கேட்டார். அவர் ஒஹையோவிலிருந்து வந்த ஒரு வக்கீலம்மா. கரண்டு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நஞ்சுண்டன் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்து கிளாஸை வைத்துவிட்டுத்தான் கை தூக்கினார். படுபாவி, எனக்கு உயிரே போய்விட்டது. மூலையில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த தாஜ் நிஷா நிமிரவே இல்லை, ஆனால் அவள் பேனா ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன்.

முக்கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு, இரண்டு பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டு விழுந்தது. விதி உள்ளே வந்தது. அடுத்ததாக இணைப்பும் நிறைவேறியது. கைதட்டினார்கள். கேஸ் பிரிவு கலைக்கப்படுகிறது, இதுவரை பணியாற்றிய உறுப்பினர்களுக்கு நன்றி என்று தலைவர் பட்டியல் வாசித்தார். என் பெயரைத் தப்பாக உச்சரித்தார். திருத்தவில்லை.

மேசைகளில் இருந்த அட்டைகளைத் தாஜ் நிஷா ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டே வந்தாள். என் அட்டையை எடுத்து ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"வச்சுக்கோங்க அங்கிள். இதைக் குடுக்கக் கூடாதுன்னு ரூல் எதுவும் இல்ல."

நான் நல்லபடியாக நன்றிகூடச் சொல்லவில்லை. அட்டையை மடங்காமல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயித்ததாகத்தான் சொன்னேன். தனம் பாயசம் வைத்தாள். நாற்காலி போனதை இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். "வுடுங்க, வியாழக்கெழமை மத்தியான யாவாரத்துக்கு இனி ஒரு கை மிச்சம்," என்றாள். அவள் சொன்னது ஆறுதலுக்குத்தான். எனக்கு ஆறவில்லை. நவம்பரிலும் டிசம்பரிலும் பதினோரு மணிக்குக் கை பரபரக்கும். கல்லாவில் உட்கார்ந்து சில்லறையைத் தப்பாகக் கொடுப்பேன். நாற்காலி இல்லாமல் வெறுமனே கேட்பதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

2009 பிப்ரவரியில் மானத்தை ஓரமாக வைத்துவிட்டு எண்ணைச் சுழற்றினேன். புதுப் பிரிவின் முதல் கூட்டம். பெயர் கேட்ட ஆபரேட்டர், நாற்காலி இல்லை என்றதும் கேட்க மட்டும் விடுகிற லைனில் போட்டுவிட்டாள். நான் பேசினால் அங்கே யாருக்கும் கேட்காது. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். தனம் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு புதுக் குரல் வந்தது. கரண்ட் விற்கிற ஏதோ ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பையனாம். புத்தகத்தைப் படித்துக்கொண்டு வந்ததில் ஏழாம் பகுதி, நான்காம் விதி கண்ணில் பட்டதாகச் சொன்னான். இந்த வெள்ளிக்கிழமை எதற்கு? ரிமோட் மீட்டர் வந்த காலத்தில் இது பழைய சங்கதி இல்லையா? பின்னிணைப்புக்கு அனுப்பிவிட்டால் புத்தகம் சுத்தமாகும் என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"எடிட்டிங் திருத்தமாகவே எடுத்துக்கொள்ளலாம்," என்றார் தலைவர். "ஆட்சேபம் உண்டா?"

"இருக்குது! எனக்கு இருக்குது!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். வெங்காயத் தட்டு உருண்டு ஓடியது. "நோ! ஐ அப்ஜெக்ட்!"

"அவிங்களுக்குக் கேக்காதுங்க," என்றாள் தனம். அடுப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

போனில் சத்தமே இல்லை. யாரோ காகிதம் புரட்டினார்கள். யாரோ இருமினார்கள். அந்த லைனில் இருந்த முப்பது பேரும் எனக்காகப் பேச வேண்டியவர்கள் இல்லை. தாஜ் நிஷா அங்கேதான் இருப்பாள், அவளால் வாய் திறக்க முடியாது. ஆட்சேபம் இல்லாததால் என்று தலைவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு நிமிஷம். எனக்கு ஆட்சேபம் இருக்கிறது."

நஞ்சுண்டனின் குரல். இங்கிலீஷில்தான் பேசினார், நிதானமாக. "கேஸுக்குப் பொத்தான் கிடையாது. கையில் நெருப்போடு ஒரு ஆள் நேரில் வந்து, ஒவ்வொரு அடுப்பாகக் குனிந்து பற்றவைக்க வேண்டும். சனி, ஞாயிறு அந்த ஆள் வரமாட்டான். ஜனவரிக் குளிரில் மூன்று நாள் அப்படிக் கிடந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். எனக்கும் போன அக்டோபர் வரைக்கும் தெரியாது, ஒரு சமையலறையில் நின்று கற்றுக்கொண்டேன். இந்த விதி இருக்கும் இடத்தில் இருக்கட்டும்."

பையன் மன்னிப்புக் கேட்டான். ஆட்சேபம் பதிவாகிறது, விதி தொடர்கிறது, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார் தலைவர்.

"யாருங்க பேசுனது?" என்று கேட்டாள் தனம்.

"கரண்டுக்காரரு."

"நீங்க சொல்ற மாதிரியேதான் சொன்னாருங்க."

நாற்காலி போன அன்றைக்குக்கூட அழாதவன், அந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். தனம் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கடையில் யாரோ சாம்பார் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேருமே போகவில்லை.